என் கல்யாணத்துக்கு நானே சொன்ன தடை

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது. வாசலில் நின்று "சாப்டீங்களா?" என்று கேட்பவரிடம், "இல்லை, பசிக்கிறது, உள்ளே வரட்டுமா?" என்று சொல்லக் கூடாது. "எப்படி இருக்கீங்க?" என்பவரிடம் வயிறு சரியில்லாத கதையை அவிழ்த்து விடக் கூடாது. இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று எங்கள் சித்தூர் சபையில் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவில், ஐயர் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். (எங்கள் சபையில் பாஸ்டரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். மிஷன் காலத்துப் பழக்கம், யாரும் குழம்ப வேண்டாம்.) வாசித்துவிட்டு, "இவர்கள் இருவரும் விவாகத்தில் இணைக்கப்படுவதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால், இப்போதே சொல்ல வேண்டும்" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூடப் பெண்ணைப் பெற்றவள் திரும்பி முறைப்பாள். பிறகு ஐயர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லுவார். அவ்வளவுதான் விஷயம்.

எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொன்ன ஆள் ஒருவன்தான். அது நான். அதுவும் அடுத்தவன் கல்யாணத்துக்குத் தடை சொல்லவில்லை, என் கல்யாணத்துக்கே சொன்னேன்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. புத்தலப்பட்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பயாலஜி வாத்தியார். வீடு சித்தூரில். தினமும் பைக்கில் போய் வருவேன். கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் ஜாதகமோ வரதட்சணையோ இல்லை, என் வாய்தான். "ஒரு பொண்ணு ரொம்பப் பேசுதுங்கிறான், ஒரு பொண்ணு பேசவே மாட்டேங்குதுங்கிறான். இவனுக்குக் கர்த்தர் புதுசா மண்ணு பிசைஞ்சிதான் ஒண்ணு செய்யணும்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அப்புறம் ரூபியைப் பார்க்கப் போனோம். திருப்பதிப் பெண். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். (ஆஹா, விழுந்துட்டாடா என்று நினைத்துக்கொண்டேன்.) "உங்க கண்ணாடி காதுப் பக்கம் கோணலா கீது. குடுங்க" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது பெண்ணா பீரோவா என்று எனக்குத் தெரியாது. அவள் எதையோ வளைத்து, முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்தது நான்தான். அன்றிலிருந்து அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

அவளுடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேர் ஆசீர்வாதம், பார்வை மட்டும் சாபம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பையன் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாக அப்புறம் கேள்விப்பட்டேன். ஆனாலும் சம்மதித்தார். முதல் ஞாயிறு பேர் வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். சபையில் ஒருவரும் இருமவில்லை.

இதற்கிடையில்தான் என் முதுகு தன் வேலையைக் காட்டியது. பள்ளிக்கூட லேபில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு உண்டு. பிள்ளைகள் அதற்குப் புல்லையா என்று பேர் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பாடம் முதுகெலும்பு. புல்லையாவை மேஜை மேல் ஏற்றலாம் என்று குனிந்தேன். குனிந்தவன் குனிந்தவன்தான். "சார், ஏமைந்தி சார்?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறி, முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். புல்லையா நேராக நின்றான், நான் வளைந்து நின்றேன். அன்றைக்கு அந்த வகுப்பு முதுகெலும்பைப் பற்றி நன்றாகவே கற்றுக்கொண்டது.

இடுப்பில் ஆரம்பித்த வலி, இடது காலில் பின்பக்கமாக இறங்கியது. தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை எல்லாம் ஆயிற்று. கடைசியில் திருப்பதியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்து, "எடுத்துக்கினு திங்கக்கிழமை வாங்க, பார்க்கலாம்" என்றார்.

சனிக்கிழமை ஸ்கேன். ஒரு உருளைக்குள் என்னைத் தள்ளி, "கதலகூடது சார்" என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டுப் போனான். அசையக் கூடாதாம். உள்ளே, நாலு பேர் சேர்ந்து இரும்பு பீரோவைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம். வெளியே வந்து, காத்திருந்து, ஃபிலிமும் ரிப்போர்ட்டும் இருந்த பெரிய கவரை வாங்கினேன். கொடுக்கும்போதே அந்தத் தம்பி சொன்னான், "டாக்டர்க்கே சூப்பிஞ்சண்டி சார். மீரு சதவொத்து." டாக்டரிடம் காட்டுங்கள், நீங்கள் படிக்காதீர்கள் என்று அர்த்தம். யாரைப் பார்த்து? வருஷா வருஷம் எலும்புப் பாடம் நடத்துகிற என்னைப் பார்த்து! பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததும் முதல் வேலையாகக் கவரைப் பிரித்தேன்.

முதல் வரியிலேயே 'டிஜெனரேட்டிவ்' என்றிருந்தது. சிதைவு. அடுத்த வரியில் 'ஆஸ்டியோஃபைட்ஸ்'. அதுவும் 'மல்ட்டிபிள் லெவல்ஸ்'. ஆஸ்டியோ என்றால் எலும்பு. ஃபைட் என்றால் தாவரம். பாசியையும் பெரணியையும் இலை இலையாகப் பிரித்து நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? என் முதுகில் எலும்பு முளைத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரு மாடியில் இல்லை, பல மாடிகளில். ஃபோனை எடுத்துத் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஃபோனில் எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு சக்கர நாற்காலி படம் வந்து நின்றது.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"எவரிதி பாபு?" என்றார். இது யாருடையது என்று கேட்கிறார்.

"நாதே" என்றேன். என்னுடையதுதான்.

"பாக உந்தி" என்று தலையை ஆட்டினார். யார் வீட்டுக் கல்யாண போட்டோவையோ பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி.

சந்திரகிரி தாண்டும்போது என் கையில் ஊன்றுகோல் வந்துவிட்டது. பாகாலா திருப்பத்தில் சக்கர நாற்காலி. புத்தலப்பட்டு வருவதற்குள் ரூபி விதவை. பஸ் சித்தூருக்குள் நுழையும்போது, என் அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டுப் பாடலாம் என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தேன்.

வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டுமே. மறுநாள் மூன்றாவது அறிவிப்பு. ரூபி வீட்டார் திருப்பதியிலிருந்து எங்கள் கோயிலுக்கே வருகிறார்கள். ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு, அப்புறம் எல்லாரும் சேர்ந்து நகரிக்குப் போய்க் கல்யாணத் துணி எடுப்பது என்று ஏற்பாடு. அம்மா இஞ்சியும் பூண்டும் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு பெரிய நோவு வந்துகீது" என்றேன்.

"அதான் தெரியுமே, தைலம் தேய்ச்சிக்கோ. கறிக்குச் சொல்லிட்டு வந்தியா?"

நைனாவிடம் போனேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எலும்பு வளருதுன்னுதானேடா போட்டுகீது? கொறையுதுன்னு போடலையே?"

"வளரக் கூடாது நைனா. அசாதாரண வளர்ச்சி."

"வளந்தா நல்லதுதானே? நீ சின்ன வயசுல பாலே குடிக்க மாட்டே, இப்பதான் வளருது போல" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ரூபிக்கு ஃபோன் செய்தேன். கடையில் கூட்டம். "முக்கியமாங்க? ஒரு கஸ்டமரை உக்கார வச்சிக்கினு கீறேன். நாளைக்கு நேர்லதானே வர்றேன், அப்ப சொல்லுங்களேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும், இவளை நம்மால் கஷ்டப்பட விடக் கூடாது என்று முடிவு செய்தேன். இந்தக் கல்யாணம் வேண்டாம். விலகிவிட வேண்டும்.

அந்தத் தியாகம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் போய்க் கண்ணாடி முன் நின்று, "ரூபி, என்னை மறந்துடு" என்று சொல்லிப் பார்த்தேன். இடது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் இன்னும் எடுப்பாக இருந்தது. அப்படித் திரும்பும்போது முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலில் விழுந்து, நிஜமாகவே அழுதேன். இந்த முறை நடிப்பில்லை, அவள் இல்லாத வாழ்க்கையை நினைத்து வந்த அழுகை.

ஆராதனைக்கு முன்பே ஐயரைத் தனியாகப் பார்த்து, பேரை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் ஐயர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஆராதனையை முடித்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். பேச்சுக் கொடுக்க இடமில்லை. எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். ரூபி பச்சைப் புடவையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். என் மடியில் பாட்டுப் புத்தகம், அதற்குக் கீழே ஸ்கேன் கவர். (அதை ஏன் கோயிலுக்குக் கொண்டுபோனாய் என்று கேட்காதீர்கள். ஆதாரம் இல்லாமல் பாடம் நடத்துகிற வாத்தியார் நான் இல்லை.)

ஐயர் வாசித்தார். "இது மூன்றாம் முறையும் கடைசி முறையுமாகும். நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால்..."

உட்கார்ந்திருந்தவன் எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு வாரமாகக் கையை ஊன்றாமல் எழ முடியாத முதுகு, அன்றைக்கு மட்டும் விருட்டென்று எழுந்தது.

"எனக்குத் தெரியும், ஐயர்."

ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாப்பா தெரியும்?"

"தடை."

"யார் கல்யாணத்துக்கு?"

"என்னோடதுக்குத்தான்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மாவின் குரல், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. "அய்யய்யோ, ஏற்கெனவே ஒண்ணைக் கட்டிக்கினு கீறான் போல. ஐதராபாத்துக்கு ட்ரெயினிங்னு போனானே, அப்பவே நெனைச்சேன்."

"எட்வினு! உக்காருடா!" இது என் அம்மா.

நான் உட்காரவில்லை. கவரிலிருந்து ஃபிலிமை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. "என் முதுகெலும்பில் அசாதாரணமாக எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில். இது மேலும் மேலும் வளரும். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பாழாக்க எனக்கு உரிமை இல்லை. எல்லாரும் இங்கே கவனியுங்கள், இதுதான் நாலாவது எலும்பு..."

"டேய்" என்றார் நைனா, பக்கத்திலிருந்து. "தலைகீழா புடிச்சிக்கினு கீறே."

பார்த்தேன். ஃபிலிமில் என் பெயரே தலைகீழாக இருந்தது. நைனாவும் எழுந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, திருப்பிப் போட்டோம். முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். சபை முழுவதும் என் முதுகெலும்பைப் பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு உள்ளே வரைக்கும் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

ஐயர் ஆராதனைப் புத்தகத்தைத் திருப்பினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். கடைசியில் மைக்கை மூட மறந்துவிட்டுச் சொன்னார், "இதுல கேள்வி மட்டும்தான் போட்டுகீது. யாராச்சும் பதில் சொன்னா இன்னா செய்யறதுன்னு போடலையே."

அப்புறம் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "தடை எழும்பினபடியால் இந்த அறிவிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. தடை நீங்குகிற வரைக்கும் இந்தக் கல்யாணத்தை என்னால் நடத்த முடியாது."

உள்ளுக்குள் நான் எதிர்பார்த்தது வேறு. "அப்படியெல்லாம் சொல்லாதேப்பா" என்று நாலு பேர் வந்து என் கையைப் பிடிப்பார்கள், ரூபி கண்ணீரோடு ஓடி வருவாள் என்று கண்ணாடி முன்னால் நின்று கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஐயர் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். என் கல்யாணம் நின்றுவிட்டது.

பெண்கள் பக்கத்தில் ரூபி எழுந்தாள்.

"ஐயர், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

என் பக்கம் திரும்பினாள். "டாக்டரு இன்னா சொன்னாருங்க?"

"டாக்டரை இன்னும் பாக்கல" என்றேன். "நாளைக்குத்தான்."

"அப்ப இதெல்லாம் யாரு சொன்னது?"

"நான்தான். பஸ்ல படிச்சேன்."

முதலில் சிரித்தது பாடகர் குழு. அப்புறம் பின் பெஞ்சு. அப்புறம் மொத்தக் கோயிலும். கீபோர்டு வாசிப்பவர் கையைத் தவறி எதன் மேலோ வைத்து, அது ஒரு கல்யாண மேளத்தை அடித்துவிட்டது. ஐயர் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல் வெகுநேரம் துடைத்தார். ரூபி மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை. ஆசீர்வாதம் மாமா கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினார். "எம் பொண்ணு வேணாம்னா வூட்டுக்கு வந்து சொல்லணும். நடுக் கோயில்ல நிக்க வச்சி படம் காட்டுவியா? இவன் கூட இவ வாழ்ந்தா, தலைவலின்னா ஒரு சாவு வூடு, சளின்னா ஒரு சாவு வூடு. வேணாம்பா."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ரூபி தன் அப்பாவிடம், "டாக்டர் இன்னா சொல்றாருன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம், டாடி" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நகரிப் பயணமும் நின்றது. அத்தனை கறியையும் நைனாதான் இரண்டு நாள் வைத்துத் தின்றார்.

திங்கட்கிழமை திருப்பதியில் டாக்டர் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான், நைனா, ரூபி, மாமா, அப்புறம் ஐயர். தடை நீங்கியதை அவரே காதால் கேட்க வேண்டுமாம். வெள்ளை அங்கியோடு வந்திருந்தார்.

டாக்டர் தெலுங்குக்காரர், தமிழ்நாட்டில் படித்தவர். ஐயரைப் பார்த்து மிரண்டு, "இன்னாங்க இது, பாஸ்டரை எல்லாம் கூட்டிக்கினு வந்துகீறீங்க? அவ்ளோ சீரியஸா?" என்றார்.

கவரைக் கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்தார், பிரிக்கவில்லை. என்னைக் குதிகாலில் நடக்கச் சொன்னார். விரல் நுனியில் நடக்கச் சொன்னார். படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கினார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதத்தில் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். (மாமா இதையெல்லாம் மாடு வாங்க வந்தவர் மாதிரி நின்று பார்த்தார்.) அப்புறம்தான் ஃபிலிமை விளக்கு வைத்த பலகையில் மாட்டி, பஸ் டிக்கெட்டைப் பார்க்கிற அளவு நேரம் பார்த்தார்.

"ஏம் லேது" என்றார். ஒன்றுமில்லை.

"ஆஸ்டியோஃபைட்?" என்றேன். என் கண்டுபிடிப்பை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மனமில்லை.

"கீது. வயசு ஏற ஏற நெறைய பேருக்கு வரும். வலியே இல்லாத ஆளை ரோட்ல நிறுத்தி ஸ்கேன் எடுத்தாகூட வரும். மேஜை ஆடுனா காகிதத்தை மடிச்சி காலுக்கடியில வைக்கிறோம் இல்ல? அந்த மாதிரி, தேஞ்ச எடத்துல ஒடம்பு கொஞ்சம் எலும்பு வச்சிக்குது. உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துட்ச்சி, அவ்ளோதான்."

"அப்ப வலி?"

"அது வேற. டிஸ்க் கொஞ்சம் பிதுங்கி நரம்பை ஒரசுது. காலுக்கு எறங்குறது அதனாலதான். கால்ல பலம் நல்லா கீது. பெரும்பாலும் இது தானா அடங்கிடும். நான் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பண்றதில்லைங்க, ஆளுக்குத்தான் பண்ணுவேன்."

நைனாவுக்குத் தொழில் புத்தி விடவில்லை. "டாக்டர், அந்த முளைச்சிகீறதை மட்டும் அரத்தால ராவி எடுத்துட முடியாதா?"

"எதுக்குங்க? அது பாட்டுக்கு ஒக்காந்துகீது. நரம்பை நசுக்கி, கால் பலம் கொறைஞ்சா, அப்ப ஆபரேஷன் பத்திப் பேசலாம். இப்ப வேண்டியது நடக்கிறது, உடற்பயிற்சி, தொப்பையைக் கொறைக்கிறது, குனிஞ்சி வெயிட்டு தூக்காம இருக்கிறது." என் பக்கம் திரும்பினார். "பாதம் தொங்கிப் போனா, ஒக்கார்ற எடம் மரத்துப் போனா, ஒண்ணுக்குப் போறதுல கண்ட்ரோல் போனா, அன்னிக்கே ஓடி வாங்க, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அது எதுவும் இல்லாம, காகிதத்துல பெரிய வார்த்தை கீதுன்னு பயப்படாதீங்க."

ஐயர் தொண்டையைச் செருமினார். "விவாகத்துக்குத் தடை ஏதாவது உண்டுங்களா?"

"பெள்ளிக்கா?" டாக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐயர் நடந்ததைச் சொன்னார். கோயில், ஃபிலிம், தலைகீழ், எல்லாவற்றையும். டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "என் முதுகு ஃபிலிமு இதைவிட மோசம். எனக்குப் பெள்ளி ஆகி ரெண்டு பசங்க கீறாங்க" என்றபடி, மருந்துச் சீட்டில் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் எழுதி, கடைசி வரியில் தெலுங்கில், 'பெள்ளிகி அப்யந்தரம் லேது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணத்துக்கு ஆட்சேபணை இல்லை. மருந்துக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, இந்த மருந்து ஸ்டாக் இல்லை சார் என்றது தனிக்கதை.

வெளியே வந்து ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்றோம். எனக்கு உயிர் பாதிதான் திரும்பியிருந்தது. மீதிப் பாதி மாமாவின் கையில் இருந்தது.

"டாக்டர் சொல்லிட்டாரு, சரி" என்றார் மாமா. "முதுகு நல்லாத்தான் கீது. எனக்கு அவன் தலைமேலதான் சந்தேகம். இது வேணாம்மா ரூபி."

ரூபி என்னைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்குறேன், நெஜத்தைச் சொல்லுங்க. என்னை வேணாம்னு நெனைச்சா எழுந்து நின்னீங்க?"

"இல்ல ரூபி. உன்னை விட்டுட்டு எப்டி இருப்பேன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..." நட்ட நடுத் திருப்பதியில், போகிற வருகிற மொட்டைத் தலைகளெல்லாம் பார்க்க, மூக்கை உறிஞ்சினேன்.

அவள் தன் அப்பாவிடம் திரும்பினாள். "டாடி, இருக்கிற சீக்கை மறைச்சிக் கல்யாணம் பண்ணிக்கிறவங்க எத்தினி பேரு. இவரு இல்லாத சீக்கைக்கூட எழுந்து நின்னு சொல்லிட்டாரு. இவரு எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு டாடி, மறைக்கவும் தெரியாது. எனக்கு இவருதான் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா இனிமே ரிப்போர்ட்டை மட்டும் இவரு கையில குடுக்கக் கூடாது" என்றாள்.

மாமா தன் ஜூஸ் டம்ளரைக் காலி செய்து வைத்தார். அப்புறம் கடைக்காரரிடம், "மாப்பிள்ளைக்கு ஒண்ணு குடுப்பா, ஐஸ் போடாதே. சளி புடிச்சா கோயில்ல எழுந்துடுவாரு" என்றார். மாப்பிள்ளை என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விழவில்லை.

அடுத்த ஞாயிறு ஐயர் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போன வாரம் எழும்பிய தடை நீங்கியது என்று அறிவித்தார். கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார். சபை கை தட்டியது. பிறகு முறைப்படி மறுபடியும் கேட்க வேண்டுமே. "நியாயமான தடை ஏதாவது யாருக்காவது..." என்று ஆரம்பித்துவிட்டு, நேராக என்னைப் பார்த்து நிறுத்தினார். மொத்தச் சபையும் என் பக்கம் திரும்பியது. அப்போது ரூபி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, நடுவழியைக் கடந்து, ஆண்கள் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தொடை மேல் கையை வைத்து அழுத்தினாள். பாட்டின் எண்ணைச் சொல்லும் வரைக்கும் எடுக்கவில்லை.

கல்யாணம் நடந்து இப்போது எட்டு வருஷம் ஆகிறது. கால் வலி அந்த மழைக்காலத்துக்குள் போய்விட்டது. முதுகு எப்போதாவது பேசும், பாய் விரித்து உடற்பயிற்சி செய்தால் அடங்கிவிடும். முளைத்த எலும்பு முளைத்த இடத்தில்தான் இருக்கிறது, நானும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. சபையில் யாருக்காவது தும்மல் வந்தால், "எட்வின் சாரைக் கேளுங்க, இன்னும் எத்தினி நாளுன்னு கரெக்ட்டா சொல்லுவாரு" என்பார்கள். சிரித்து வைப்பேன், வேறென்ன செய்வது?

ஆனால் எந்தப் பிள்ளைக்குக் கல்யாண அறிவிப்பு வாசித்தாலும், அந்தக் கேள்விக்கு முன்னால் ஐயர் ஒரு நொடி என்னைப் பார்க்காமல் இருக்கவே மாட்டார். சபையும் திரும்பும். பெண் வீட்டார் கலவரத்தோடு திரும்புவார்கள். போன மாதம்கூட அப்படித்தான். ஐயர் பேர்களை வாசிக்க ஆரம்பித்ததுமே, பெண்கள் பக்கத்திலிருந்து ரூபி எங்கள் மகளை லேசாகத் தள்ளிவிட்டாள். ஆறு வயது. குடுகுடுவென்று ஓடி வந்து என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தி உட்கார்ந்தாள். ஐயர் கேட்டார், மூச்சு விடும் நேரம் நின்றார், பாட்டு எண்ணைச் சொன்னார். மகள் என் காதுக்குள் சொன்னாள்:

"முடிஞ்சிட்ச்சி நைனா. இப்ப எழுந்துக்கோ."